கரு தங்குமா? எண் சொன்ன கதை

புனேயில் கூட வேலை பார்க்கும் நண்பர் மனைவியின் பீட்டா ஹெச்சிஜி ரிப்போர்ட்டை நீட்டி, "கம்மியா இருக்காம், கரு தங்குமா?" என்றார. நான் பொட்டி தட்டுகிறவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

1920களின் கடைசியில் பெர்லினில் அஷ்ஹைம், ஸோண்டெக் இருவரும் பெண்களின் சிறுநீரைச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, எலியின் சினைப்பையைப் பார்த்துக் கர்ப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். (இருவரும் யூதர்கள். ஹிட்லர் வந்தபின் நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. அது தனிக்கதை.)

அப்புறம் பாஸ்டனில் ஜார்ஜ் ஸ்மித், ஆலிவ் ஸ்மித் தம்பதி. கர்ப்பம் கெடுவதற்கு முன்பே ஹார்மோன் இறங்குவதை அளந்து பார்த்தார்கள். அதுவரை சரி. அங்கிருந்து தாவியதுதான் வில்லங்கம்: ஹார்மோன் குறைவதால்தான் கெடுகிறது, ஆகவே ஏற்றிவிட்டால் நிற்கும்! அதற்கு டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைச் சிபாரிசு செய்தார்கள். 1948ல் ஆலிவ் 632 கர்ப்பங்களைக் காட்டிக் கட்டுரை எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு ஒன்றை முறையாக வைக்கவில்லை.

1953ல் சிகாகோவில் டீக்மன் குழு அதைச் செய்தது. 840 பேருக்கு மருந்து, 806 பேருக்கு வெற்று மாத்திரை. பலன் பூஜ்யம். அத்தோடு விட்டார்களா? இன்னும் 18 வருடம் எழுதிக் கொடுத்தார்கள். 1971ல் அதே பாஸ்டனில் ஹெர்ப்ஸ்ட் குழு, அபூர்வமான யோனிப் புற்றுநோய் வந்த 8 பெண்களை ஆராய்ந்தது. 7 பேரின் அம்மாக்கள் கர்ப்பத்தில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள். கருவைக் காக்கக் கொடுத்த மாத்திரை, பிறந்த மகளைத் தாக்கியிருக்கிறது. படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பீட்டா ஹெச்சிஜியை ரத்தத்தில் தனியாக அளக்கும் முறை 1972ல் வந்தது. ஒற்றை எண்ணை வைத்து அதிகம் சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து எடுத்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறு. அங்கே குறைந்த எண் தந்திதான், காரணம் இல்லை. (மாடி ஏறினாள், பப்பாளி தின்றாள் என்று பழி போடுகிறவர்கள் கவனிக்க.)

புரோஜெஸ்டிரோன் கதையும் பாதி இப்படித்தான். 2015ல் பிரிட்டனில் தலைமையேற்று நடத்திய ஆய்வில், காரணம் தெரியாமல் அடுத்தடுத்து கரு கலைந்த 836 பெண்களுக்குப் பலன் தெரியவில்லை. 2019ல் ரத்தப்போக்கோடு வந்த 4,153 பேரில் குழந்தை பெற்றவர்கள் மருந்து எடுத்தவர்களில் 75 சதவீதம், எடுக்காதவர்களில் 72. முன்பும் கரு கலைந்து, இப்போதும் ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குத்தான் கொஞ்சம் தெளிவான பலன். அவர்களை அடையாளம் காட்டியது ரத்தப்போக்கும் பழைய இழப்பும். ஹார்மோன் எண் இல்லை.