மானுக்குப் பழ மரம் வளர்க்கலாமா? எந்த மரம், எப்படி, எங்கே: ஒரு விளக்கம்

2022 கணக்கெடுப்பின் சராசரி மதிப்பீட்டின்படி இந்தியாவில் 3,682 புலிகள் இருக்கின்றன. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 மான் அளவு விலங்குகள் இரையாக வேண்டும் என்பது சூழலியலாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. இரண்டையும் பெருக்கினால் 1.8 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு காட்டின் மான் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இரையானால்தான் கூட்டம் தேயாமல் நிற்கும். அப்படியானால் ஒரு புலிக்குப் பின்னால் சுமார் 500 இரை விலங்குகள் இருக்க வேண்டும்.

அந்த 500-க்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? மழைக்காலத்தில் பிரச்னை இல்லை, புல் இருக்கிறது. சிக்கல் ஜனவரி முதல் மே வரை. புல் காய்ந்து, சத்து குறைந்த அந்த மாதங்களில் மரத்தடியில் உதிரும் பழமும் பூவும்தான் கைகொடுக்கின்றன. அதனால்தான் காட்டுப் பழ மரங்களை வளர்க்கும் பேச்சு அடிக்கடி வருகிறது. நல்ல யோசனைதான். ஆனா, தப்பான இடத்தில் செய்தால் கெடுதல்.

மான் பழம் தின்னுமா?

தின்னும். புள்ளிமானுக்கு முதல் உணவு புல்தான், பழம் துணை உணவு. கடமான், கேளையாடு, சருகுமான் எல்லாமே உதிர்ந்த பழத்தைத் தேடி வரும்.

மானால் மரம் ஏற முடியாது. அந்த வேலையை லங்கூர் குரங்குகள் செய்கின்றன. பாதி கடித்துவிட்டுக் கீழே போடுவது அவற்றின் பழக்கம். மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில், லங்கூர் உதிர்க்கும் இலை, பூ, பழத்தைக் கீழே நின்று புள்ளிமான்கள் தின்பதை ஆய்வாளர்கள் 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள்.

பதிலுக்கு மரத்துக்கு என்ன லாபம்? மான் அசைபோடும் விலங்கு. நெல்லிக்காயை அவசரமாக விழுங்கிவிட்டு, பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். விதை தாய்மரத்தைவிட்டு வேறிடம் போய்விடுகிறது. உத்தராகண்டின் ராஜாஜி தேசியப் பூங்காவில் நடந்த ஆய்வில், நெல்லி விதையைப் பரப்புவதில் புள்ளிமானுக்கே முக்கியப் பங்கு என்று தெரியவந்தது. ஆக, மானுக்குப் பழம் வேண்டும், மரத்துக்கு மான் வேண்டும்.

எந்தெந்த மரங்கள்?

ஒரே மரத்தை ஆயிரம் நடுவதில் பயன் குறைவு. ஒன்று முடியும்போது அடுத்தது தொடங்கும்படி மாத வாரியாகத் திட்டமிடணும்:

• குளிர்காலம்: நெல்லி, தான்றி, இலந்தை

• மார்ச், ஏப்ரல்: மஹுவா. நம்மூர் இலுப்பையின் நெருங்கிய உறவு. இதன் சதைப்பற்றான பூ இரவில் உதிரும், மானும் கரடியும் தேடி வரும்

• ஏப்ரல் முதல் ஜூன்: குமிழ்

• ஜூன், ஜூலை: நாவல்

• ஆண்டின் பல மாதங்களில்: அத்தி

மாதங்கள் ஊருக்கு ஊர் முன்பின் ஆகலாம். உங்கள் பகுதிக் காட்டில் இயல்பாக இருக்கும் மரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தாய்மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, லங்கூர் கூட்டம் காலையில் எந்த மரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டு, மான்கள் படுத்து ஓய்வெடுக்கும் இடங்களில் துப்பிக் கிடக்கும் கொட்டைகள். மூன்று, உள்ளூர் பழங்குடியினரிடம் கேட்பது. எந்த மரம் தவறாமல் காய்க்கும், எது ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. மூன்றாவது வழிதான் பெரும்பாலும் வேகமானது.

நன்றாகக் காய்க்கிறது என்று ஒரே மரத்திலிருந்து எல்லா விதையையும் எடுக்காதீர்கள். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் 20, 30 மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்தான் மரபணு வேறுபாடு நிற்கும். ஒரு நோய் வந்தால் எல்லாமே ஒன்றாகச் சாகாது. நர்சரியில் கிடைக்கும் என்ஏ-7 போன்ற ஒட்டு நெல்லி இந்த வேலைக்குப் பொருந்தாது. அது பெரிய காய்க்காக மனிதர்கள் தேர்ந்தெடுத்த ரகம், ஒவ்வொரு கன்றும் இன்னொன்றின் நகல்.

விதையிலிருந்து கன்று: எதற்கு எந்த முறை?

நெல்லி: சதையை நீக்கிவிட்டுக் கொட்டையை வெயிலில் காயவையுங்கள். தானாக வெடித்து உள்ளிருக்கும் ஆறு விதைகள் வெளியே வரும். ஓர் இரவு ஊறவைத்து விதைக்கலாம்.

இலந்தை: கொட்டை ரொம்பக் கடினம். உப்புத் தண்ணீரில் போட்டால் மிதப்பவை சொத்தை, மூழ்குபவை நல்லவை. கொட்டையை மெதுவாக உடைத்து உள்விதையை எடுத்து விதைத்தால் ஒரு வாரத்திலேயே முளைக்கும். ஆணிவேர் ஆழமாகப் போவதால், முடிந்தவரை நிரந்தர இடத்திலேயே விதைப்பது நல்லது.

நாவல், மஹுவா: இந்த விதைகளைச் சேமித்து வைக்க முடியாது. சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். பொறுக்கிய கையோடு விதைக்கணும்.

தான்றி, குமிழ்: சதையை நீக்கி, ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து விதைக்கலாம்.

அத்தி: விதை தூசு மாதிரி இருக்கும். பருத்த கிளையை வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். பல மரங்களிலிருந்து கிளை எடுக்க மறக்காதீர்கள்.

நட்ட பிறகு?

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் தோற்கின்றன. எந்த மானுக்காக நடுகிறோமோ, அதே மான்தான் கன்றின் முதல் எதிரி. இளந்துளிர் அதற்குப் பழத்தைவிடச் சுலபமாக எட்டும். கன்று மான் எட்டாத உயரத்துக்கு வளரும்வரை வேலி வேண்டும். வெட்டிய இலந்தை முள், கருவேல முள்ளைச் சுற்றிவைத்தாலே போதும். முதல் மூன்று ஆண்டுகள் களை எடுப்பதும், கோடைக்கு முன் சுற்றிலும் சருகை அகற்றுவதும் கட்டாயம்.

இன்னொரு வழி, புதிதாக நடாமலே இருப்பது. காட்டில் ஏற்கெனவே முளைத்து, உண்ணிச்செடிக்கு அடியில் மூச்சுத்திணறிக் கிடக்கும் கன்றுகள் ஏராளம். உண்ணிச்செடியை வேர்ப்பகுதியோடு வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் மறுபடி துளிர்க்காது. டெல்லி பல்கலைக்கழகத்தின் சி.ஆர்.பாபு உருவாக்கிய முறை இது. வெளிச்சம் கிடைத்ததும் அடியிலிருக்கும் கன்று தானாக எழும். புல்லும் திரும்ப வரும். மானுக்கு ரெட்டை லாபம்.

எங்கே நடக்கூடாது?

புல்வெளியில் வேண்டாம். கன்ஹாவின் பாராசிங்கா மான் கிட்டத்தட்ட முழுக்கப் புல்லை நம்பி வாழ்வது. 1970-ல் அங்கே 66 மான்கள்தான் மிஞ்சியிருந்தன. பிறகு அது மீண்டதில் புல்வெளிகளைப் பாதுகாத்ததற்குப் பெரிய பங்கு உண்டு. அந்த வெளியில் மரம் நட்டால் அதன் சாப்பாட்டைப் பிடுங்குகிறோம் என்று அர்த்தம்.

நெடுஞ்சாலை ஓரத்திலும் வேண்டாம். பழத்துக்கு வரும் மான் வண்டியில் அடிபடும். வயலை ஒட்டிய காட்டோரத்தில் நட்டால் பழம் தேடி வரும் மான் அப்படியே பயிருக்குள் இறங்கும். நஷ்டம் விவசாயிக்கு.

மான் இயற்கையாக இல்லாத இடத்தில் அதற்குத் தீனி என்ற பேச்சே கூடாது. அந்தமானில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான், வேட்டையாட ஒரு விலங்கும் இல்லாமல் பெருகி, காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்துவருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பிரிவு 29, சரணாலயத்திலிருந்து அனுமதியின்றி வனப்பொருள் எடுப்பதைத் தடுக்கிறது. தேசியப் பூங்காவுக்குப் பிரிவு 35(6). கீழே கிடக்கும் நெல்லிக்காயும் வனப்பொருள்தான். எனவே விதை சேகரிப்பதானாலும் கன்று நடுவதானாலும், வீக்கெண்ட் குழுக்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. மறுபக்கம், வன உரிமைச் சட்டம் 2006, காட்டில் வாழும் சமூகங்களுக்குச் சிறு வனப்பொருள் சேகரிக்கும் உரிமையைத் தருகிறது.

அதே பழம், இரண்டு பசி

மான் தின்னும் நெல்லியும் மஹுவாவும் மனிதர்களுக்கும் வருமானம். மத்திய இந்தியாவில் பூ பொறுக்க வசதியாக மஹுவா மரத்தடிச் சருகுக்குத் தீ வைக்கும் வழக்கம் உண்டு. அதில் கன்றுகள் கருகுகின்றன. இதைக் கேட்டதும் ‘அப்ப மக்களைத் தடுத்தா போதும்’ என்று தோன்றலாம். கர்நாடகாவின் பிலிகிரி ரங்கன மலை வேறு கதை சொல்கிறது. அங்கே நெல்லியைப் புல்லுருவியும் உண்ணிச்செடியும் வாட்டுகின்றன. தாங்கள் பருவம் பார்த்து வைத்துவந்த சிறு தரைத் தீ நிறுத்தப்பட்டதுதான் காரணம் என்கிறார்கள் சோலிகர்கள். தீ எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. 2011-ல் சோலிகர்களுக்கு அங்கே சமூக வன உரிமை கிடைத்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் நிறுவனம் சிஎஸ்ஆர் நிதியில் மரம் நடப்போகிறதா? நான்கு கேள்விகள் கேளுங்கள். அந்த இடம் இதற்கு முன் புல்வெளியா, காடா? விதை எத்தனை தாய்மரங்களிலிருந்து வந்தது? மூன்றாவது ஆண்டு வரை பராமரிக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறதா? அந்தப் பழத்தை இப்போது பொறுக்கும் மக்களிடம் பேசினார்களா? நான்குக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தில் உண்ணிச்செடியை அகற்றச் சொல்லுங்கள். மானுக்கு அது சீக்கிரம் போய்ச் சேரும்.