கூடத்தின் சாவி யாரிடம்? அமெரிக்கத் திருச்சபைச் சாரணர் படைகளும் நிறவெறியும்

சாரணர் என்றால் நமக்குப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். கழுத்தில் ஸ்கார்ஃப், விசில், சுதந்திர தின அணிவகுப்பு. அமெரிக்காவில் கதை வேறு. அங்கே நூறாண்டுக்கும் மேலாக, மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், லூத்தரன் என்று ஏதாவதொரு திருச்சபையின் கூடத்தில்தான் ஏராளமான சாரணர் படைகள் கூடிவருகின்றன. அந்தப் படைகள் நடந்த விதத்தையும், அதற்குள் நிறவெறி எப்படிக் குடியேறியது என்பதையும் நாம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அங்கே கதவை மூடப் பயன்பட்ட வார்த்தை நமக்கும் பழக்கமானது: 'உள்ளூர் வழக்கம்'.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1910 பிப்ரவரி 8 அன்று தொடங்கப்பட்டது. தேசிய அமைப்பு நேரடியாகப் படைகளை நடத்துவதில்லை. உள்ளூர் நிறுவனம் ஒன்றுக்கு 'சார்ட்டர்' என்ற உரிமப் பத்திரத்தைத் தருகிறது. அதை வாங்கிய திருச்சபைக்கே படை சொந்தம். கூடம் கொடுப்பது சபை. படைக் குழுவை அமைப்பதும், சாரண ஆசிரியர் யார் என்று முடிவுசெய்வதும் சபைதான். படை கலைந்தால் கூடாரமும் சமையல் பாத்திரமும் சபைக்கே போகும். பல படைகளைச் சேர்த்து மேற்பார்வை செய்வது 'கவுன்சில்' எனப்படும் வட்டார அமைப்பு. கோடை முகாம்களை நடத்துவதும் அதுவே.

படைக்குள் நிலைமை வேறு. எட்டு பேர் அளவில் சிறு அணிகளாகப் பிரிகிறார்கள். அணித் தலைவரைப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அணித் தலைவர்கள் கூடி அடுத்த மாதம் எங்கே முகாம், யார் சமையல், எந்தப் பயிற்சி என்று திட்டமிடுகிறார்கள். வாரம் ஒரு கூட்டம், மாதம் ஒரு வெளிமுகாம், கோடையில் ஒரு வாரம். பிப்ரவரியில் 'சாரணர் ஞாயிறு' வந்தால் சீருடையோடு ஆராதனைக்கு வருகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் இங்கே பழகிக்கொள்கிறான். இது சிறிய விஷயமில்லை.

ஆனால் யார் உள்ளே வரலாம் என்பதைப் பிள்ளைகளின் ஓட்டு முடிவுசெய்யவில்லை. அந்தச் சாவி பெரியவர்களிடம் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கக்கூடாது என்று தேசிய அமைப்பு எங்கும் எழுதிவைக்கவில்லை. அதை அந்தந்த உள்ளூர் கவுன்சில் தீர்மானிக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. தென் மாநிலங்களில் உள்ளூர்த் தீர்மானம் என்னவாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கிடையாது. குவளைகள் மட்டும் இருந்தன. அதே வேலை இங்கேயும் நடந்தது.

கறுப்பின மக்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 1911இலேயே வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் ஒரு கறுப்பினப் படை உருவானது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. ஆனாலும் கறுப்பினத் திருச்சபைகள் விடவில்லை. படை சபைக்குச் சொந்தம் என்றால் எங்களுக்கும் சபை இருக்கிறது, கூடம் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அதே விதியைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். 1926இல் 248 கறுப்பினப் படைகளும் ஏறத்தாழ 5,000 சாரணர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் ஸ்டான்லி ஹாரிஸ் என்ற வெள்ளையினப் பொறுப்பாளர் தலைமையில் 'இனங்களுக்கிடையேயான பணி' என்று ஒரு பிரிவு வந்தது. அது தென் மாநில கவுன்சில்களிடம் பேசிப்பேசிக் கறுப்பினப் படைகளைப் பதிவுசெய்ய வைத்தது. ஆனால் பதிவானவை தனிப் படைகளே. வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் ஒரே அணியில் நிற்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

தனியாக இருந்தாலும் சமம்தானே என்று சிலர் சொல்வார்கள். அவர்களை நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போவோம். 'முதல் வகுப்பு' நிலைக்கு உயர அன்று 50 கஜம் நீந்திக் காட்ட வேண்டியிருந்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் தென் மாநிலங்களின் பொது நீச்சல் குளங்களிலும் பல கடற்கரைகளிலும் கறுப்பினப் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. முகாம்களும் பல கவுன்சில்களில் தனித்தனி. தண்ணீரைத் தொடவிடாமல் வைத்துவிட்டு நீந்திக் காட்டு என்று கேட்கிற தேர்வு அது. 1927 மார்ச் 20 அன்று மகத் சவுதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் ஏன் தண்ணீர் அருந்தினார் என்று தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

திருச்சபைகளே பிரிந்து கிடந்தபோது அவற்றின் படைகள் வேறெப்படி இருக்கும்? 1939இல் மூன்று மெத்தடிஸ்ட் சபைகள் ஒன்றாக இணைந்தன. இணைந்த கையோடு, கறுப்பினச் சபைகளை எல்லாம் 'மத்திய வட்டாரம்' என்ற தனி நிர்வாகத்தில் ஒதுக்கினார்கள். மற்ற வட்டாரங்கள் பூகோளத்தை வைத்துப் பிரிக்கப்பட்டன. இது ஒன்று மட்டும் தோல் நிறத்தை வைத்து. இதை ஒழிக்க 1968 வரை ஆனது. ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவைச் சபை வரைபடத்திலேயே வரைந்தார்கள் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

இந்தச் சூழலுக்குள்ளிருந்துதான் எர்னஸ்ட் கிரீன் போன்றவர்கள் வந்தார்கள். சாரணர் இயக்கத்தின் உயர்ந்த தகுதியான 'ஈகிள் ஸ்கவுட்' பெற்றவர் அவர். 1957இல் லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையப் போன ஒன்பது கறுப்பின மாணவர்களில் ஒருவர். நாட்டுக்குக் கடமை செய்வேன் என்று உறுதிமொழி எடுத்த அந்தப் பையனை ஆளுநர் அனுப்பிய துப்பாக்கி ஏந்திய காவலர்கள் வாசலில் மறித்தார்கள். 1958 மே மாதம் அந்தப் பள்ளியில் படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவர் அவரே.

கடைசிவரை பிரிவினையைக் கைவிடாத கவுன்சில் வட கரோலினாவின் ஓல்டு ஹிக்கரி. அது வழிக்கு வந்தது 1974இல். சிவில் உரிமைச் சட்டம் வந்து பத்தாண்டுகள் கழித்து! அதே ஆண்டில் மார்மன் சபைப் படைகள் மீது என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு வழக்குத் தொடுத்தது. மார்மன் சபை புராட்டஸ்டண்ட் பிரிவைச் சேர்ந்ததில்லை. ஆனால் சார்ட்டர் முறை அதேதான். சபையின் குருத்துவப் பதவியில் இருக்கும் சிறுவனே படையின் மூத்த அணித் தலைவர் என்று அங்கே ஒரு விதி இருந்தது. கறுப்பினத்தவருக்கு அன்று குருத்துவம் கிடையாது. அப்படியானால் தலைமையும் கிடையாது. வழக்கு வந்த பிறகுதான் அந்த விதி மாறியது.

நம் மண்ணிலும் இந்த இயக்கம் இப்படித்தான் நுழைந்தது. 1909 முதல் இந்தியாவில் சாரணர் படைகள் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும். அதை எதிர்த்து 1916இல் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கினார் அன்னி பெசன்ட். அதே பெசன்ட் 1909இல் என்ன எழுதினார்? தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் முதலில் சுத்தமும் ஒழுக்கமும் கற்கட்டும், மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது என்று எழுதினார். அந்தக் கட்டுரையை அம்பேத்கர் 1945இல் தம் நூலில் எடுத்துப்போட்டு அம்பலப்படுத்தினார். வெள்ளையர் பூட்டிய கதவைத் தட்டியவர்களே நமக்கு இன்னொரு கதவைப் பூட்டினார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

'உள்ளூரே தீர்மானிக்கட்டும்' என்ற சூத்திரம் செத்துப்போகவில்லை. 2015இல் ஒருபால் ஈர்ப்புள்ள பெரியவர்கள் பொறுப்பாளராக இருப்பதற்கான தடையை அமெரிக்கச் சாரணர் இயக்கம் நீக்கியது. கூடவே, மத அமைப்புகள் நடத்தும் படைகள் தங்கள் விருப்பப்படி மறுக்கலாம் என்றும் சொன்னது. ஆட்கள் மாறினார்கள், வாசல் அதே வாசல்.

காலனிப் பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பகமும் விளையாட்டுக் குழுவும் நடத்துகிற நாங்கள் இந்த வரலாற்றிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, சொந்தக் கூடம் பெரிய பலம். கறுப்பினச் சபைகளிடம் கூடம் இருந்ததால்தான் அவர்கள் பிள்ளைகள் தலைமை தாங்கப் பழகினார்கள். இரண்டு, தனிக் கூடம் கிடைத்ததோடு திருப்தியடைந்தால் ஊர்க் குளம் ஊருக்கே போய்விடும். எனவே எந்த அமைப்பு 'எல்லோரும் வரலாம்' என்று பலகை மாட்டினாலும் நாம் கேட்க வேண்டியவை இவை: சேர்க்கையை முடிவுசெய்வது யார்? தலைவராக நம் பிள்ளை நிற்க முடியுமா? நீச்சல் தேர்வு எந்தக் குளத்தில்? பதில் எழுத்தில் வரட்டும். 'இங்க வழக்கம் அப்படி' என்று வாயால் வருகிற பதிலை நாம் ஏற்க முடியாது.