ஸ்கோலசைட்டு

ஸ்கோலசைட்டு, சியோலைட்டுத் தொகுதியைச் சேர்ந்த வெளிறிய கனிமம். பெரும்பாலும் வெள்ளை, சில படிகங்கள் நிறமின்றிக் கண்ணாடிபோல் இருக்கும். கால்சியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் ஆகியவற்றோடு நீரும் இதன் கட்டமைப்பில் உண்டு. எடையில் ஏறக்குறைய 13.8 சதவீதம் நீர்தான். மோ அளவுகோலில் கடினத்தன்மை 5 முதல் 5.5 வரை.

இப்பெயரின் வேரான 'ஸ்கோலெக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் புழு என்று பொருள். விலங்கியல் பாடத்தில் நாடாப்புழுவின் தலைப்பகுதியை இதே பெயரில் படித்திருப்போம். ஆனால் கல்லைப் பார்த்தால் புழுவின் சாயலே இல்லை. ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்த மெல்லிய ஊசிகள், அவ்வளவுதான். புழு வெளிப்படுவது நெருப்பில். அக்காலக் கனிமவியலாளர்கள், நகை ஆசாரி பற்றவைப்பதுபோல, விளக்குச் சுடரை ஊதுகுழலால் கல்லின்மேல் பாய்ச்சிச் சோதிப்பார்கள். அப்போது சில மாதிரிகள் நீரை இழந்து சுருண்டு நெளியும். இதைக் கொண்டே 1813-இல் கேலன், ஃபுக்ஸ் என்ற ஜெர்மானியர் இருவர் இப்பெயரைச் சூட்டினர். இத்தனை அழகான கல்லுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைத்திருக்கலாம்! சியோலைட்டு என்ற தொகுதிப் பெயரும் சூட்டில் பிறந்ததே: சுவீடனின் குரோன்ஸ்டெட் 1756-இல் வைத்த அதன் பொருள் 'கொதிக்கும் கல்'.

நேட்ரோலைட்டு, மீசோலைட்டு இரண்டும் ஸ்கோலசைட்டின் நெருங்கிய உறவுகள். மூன்றும் வெண்ணிற ஊசிகளாகவே வளர்வதால் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். நேட்ரோலைட்டில் இரண்டு சோடியம் அயனிகள் இருக்கும் இடத்தில் இங்கே ஒரு கால்சியம் அயனியும் கூடுதலாக ஒரு நீர் மூலக்கூறும் அமர்கின்றன. மீசோலைட்டில் இரு உலோகங்களும் உண்டு. அதன் பெயருக்கே 'நடுக்கல்' என்றுதான் பொருள். இன்று யாரும் நல்ல படிகத்தைச் சுட்டுப் பார்ப்பதில்லை. முனைவாக்க நுண்ணோக்கியில் திருப்பினால் நேட்ரோலைட்டு ஊசி நேராக நிற்கும்போது இருளும். ஸ்கோலசைட்டு சற்றே சாய்ந்த கோணத்தில் இருளும்.

எரிமலைக் குழம்பு இறுகியபோது வாயுக்குமிழ்கள் விட்டுச்சென்ற பொந்துகளே இதன் பிறப்பிடம். பிற்பாடு பாறையில் ஊறிய வெந்நீர், கரைத்த பொருள்களை அங்கே படியவைக்கிறது. ஐஸ்லாந்தின் தெய்கர்ஹார்ன் நெடுங்காலமாகப் பெயர்பெற்ற இடம். இந்தியாவில் சுமார் 6.6 கோடி ஆண்டுகள் பழமையான தக்காணப் பசால்ட்டுப் பாறைகளில், குறிப்பாக நாசிக், புனே வட்டாரங்களில், கல்குவாரிகளில் பாறையை உடைக்கும்போது பொந்துக்குள் வெள்ளை ஊசிக்கொத்து தென்படுகிறது. அருகிலேயே ஸ்டில்பைட்டும் அபோஃபிலைட்டும் ஒட்டியிருப்பது வழக்கம்.