சுன்னாகம் நிலத்தடி நீர் மாசு

யாழ்ப்பாண மாவட்டத்தின் சுன்னாகத்தில், மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த நிகழ்வு. 2015-இல் பெரும் வழக்கானது. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடிநீரும் தோட்டப் பாசனமும் கிணற்றை நம்பியவை. அதனால்தான் வாளியில் மிதந்த பளபளப்பான எண்ணெய்ப் படலம் ஊரையே கலக்கியது.

எண்ணெய் நீரைவிட இலேசானது. நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், ஒரு பகுதி கரையும். பழைய பெட்ரோல் பங்குகளின் புதைதொட்டி கசிந்தாலும் இதுவே நடக்கும். சுன்னாகத்தில் கூடுதல் சிக்கல், அடியிலுள்ள சுண்ணாம்புக்கல். மண் வடிகட்டுவதுபோல அது வடிகட்டாது. வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் விரைந்தோட, மாசும் கூடவே போகும். கண்காணிப்புக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்தால்தான் அதன் போக்கு பிடிபடும். மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கலாம், கரைந்ததை இறைத்துக் கரிவடிகட்டியில் செலுத்தலாம். கசிவூறிய மண்ணை அகற்றாவிட்டால் இரண்டும் வீண்வேலை.

2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கு மின் நிலையம் நடத்திய தனியார் மின் உற்பத்தி நிறுவனமான நொதர்ன் பவர், பாதிக்கப்பட்ட சுன்னாகம் மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. கிணறுகளைத் துப்புரவாக்கும் செலவும் அத்தொகையின் நோக்கங்களில் ஒன்று.