மலையேறிய லாரிகள்

நீலகிரியின் குன்னூர் மலைப்பாதையை வகுத்த கர்னல் லாவின் பெயர் அப்பாதையோரத்து அருவி ஒன்றுக்குச் சூட்டப்பட்டு இன்றும் வழங்கிவருகிறது. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ஏறிய பல்சக்கர ரயிலுக்கு யுனெஸ்கோ ஸ்தாபனம் 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவத்தை அளித்தது. ஆனால், அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றி, உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் தேயிலைப் பெட்டிகளையும் கீழே இறக்கி, இம்மலை ஜனங்களின் ஜீவனத்தையே பல தலைமுறைகளாகச் சுமந்த லாரிகளுக்கு மட்டும் யாதொரு சின்னமும் இல்லை. அவை காயலான் கடைக்குப் போயின; போகாதவை தோட்டத்துக் கொட்டகைகளின் பின்புறம், உண்ணிச்செடி மூடிக் கிடக்கின்றன.

ரயில் இருக்க லாரி எதற்கு என்று கேட்கலாம். ரயில் தண்டவாளம் போட்ட வழியில்தான் போகும். தேயிலைத் தொழிற்சாலையோ ஏதோ ஒரு குன்றின் தோளில் இருக்கும். பறித்த கொழுந்து சாக்கில் அடைபட்டு நேரமாக ஆக உள்ளே வெப்பம் ஏறிச் சிவந்துபோகும். அப்படிச் சிவந்த இலையில் நல்ல தேயிலை எடுக்க எந்த டீ மேக்கராலும் இயலாது. ஆகவே பறித்த அன்றே இலை தொழிற்சாலையை அடைந்தாக வேண்டும் என்ற அந்த ஒரு நிர்ப்பந்தமே மாட்டுவண்டித் தடங்களையெல்லாம் லாரித் தடங்களாக மாற்றிற்று.

சமவெளிக்குச் செய்யப்பட்ட வண்டியை மலை அப்படியே ஏற்றுக்கொண்டதில்லை. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். உதகையோ சுமார் 2,200 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் பழைய எஞ்சின் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். தண்ணீரும் 100 டிகிரி வரை காத்திராமல் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். முனகிக்கொண்டு ஏறும் லாரி வழியில் பர்லியாரில் நின்று, ரேடியேட்டர் மூடியைச் சாக்கால் பிடித்துத் திறந்து, ஆவி அடங்கியபின் தண்ணீர் ஊற்றிக்கொண்டு புறப்படுவது ஒரு நித்திய கர்மமாகவே இருந்தது. வளைவில் வண்டி திணறி நின்றால், கிளீனர் மரக்கட்டையோடு குதித்துப் பின்சக்கரத்துக்கு அடை கொடுப்பான். அந்தக் கட்டையை எந்தக் கம்பெனியும் வண்டியோடு கொடுத்ததில்லை, எனினும் அது இல்லாமல் எந்த லாரியும் மலை ஏறியதில்லை. இறங்கும்போது கஷ்டம் வேறு விதமானது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற சாஸ்திரத்தை மீறி, எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டவர்களின் வண்டிகள் பள்ளத்தாக்கில் கிடந்தன.

இந்த லாரிகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாயில் தொழிற்சாலை வைத்துப் பாகங்களைப் பூட்டி விற்கத் தொடங்கிய பிறகு, செவர்லே லாரி நம் நாட்டில் சாதாரணமாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெட்ரோல் அருமைப்பட்டபோது, மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் முதலானோர் செய்தளித்த கரிவாயு உலைகளை முதுகில் கட்டிக்கொண்டு மோட்டார் வண்டிகள் ஓடின. சமவெளியிலேயே சக்தி குன்றிய அந்த ஏற்பாடு மலையேற்றத்துக்கு எவ்வளவு பொருந்தியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்ததும், கனடா தேசம் நேசப் படைகளுக்கென்று செய்து குவித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் ஒரு பகுதி இந்தியாவில் தங்கி, ‘டிஸ்போசல்’ ஏலத்தில் தனியார் கைக்கு வந்தது. அதன்பின் சுதேசித் தயாரிப்பின் யுகம். 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1951-இல் லேலண்டு காமெட் லாரிக்கு வந்து, 1955-இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறிற்று. டாட்டா கம்பெனியார் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூடி 1954-இல் லாரி வெளியிட்டார்கள். அதை நம் டிரைவர்கள் ‘பென்ஸ்’ என்றே சொன்னார்கள். பம்பாய் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், டிசோட்டோ, ஃபார்கோ என்று மூன்று பெயர்களில் விற்றது உண்மையில் ஒரே வண்டி. இவற்றுக்கெல்லாம் ஊடே, சென்னை சிம்ப்சன் கம்பெனியார் ஐம்பதுகளில் தயாரிக்கத் தொடங்கிய ஆறு சிலிண்டர் பெர்க்கின்ஸ் பி-6 டீசல் எஞ்சின் ஒரு பெரும் புரட்சியைச் செய்தது. பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்த பழைய செவர்லேக்களும் ஃபோர்டுகளும் தங்கள் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு இதைப் பொருத்திக்கொண்டன.

ஆகவே கொட்டகைப் பின்புறம் கிடக்கும் ஒரு வண்டியை இன்னதென்று இனங்காண்பது, முகப்பைப் பார்த்துப் பெயர் சொல்லும் காரியமன்று. பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் டாட்டா-பென்ஸ் கூட்டு முடிந்த 1969-க்கு முந்தியது என்பார்கள். ஆனால் நட்சத்திரம் நான்கு ஸ்க்ரூவில் கழன்று அடுத்த வண்டிக்குப் போகும் வஸ்து. அனுபவஸ்தன் முதலில் குனிந்து சேஸிஸைத்தான் பார்ப்பான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பல வருஷத்து கிரீஸையும் சேற்றையும் துடைத்து, கம்பிப் பிரஷ்ஷால் பெயிண்டைச் சுரண்டி, சட்டத்தின் முன்பக்கத்தில் குத்தப்பட்ட எண்ணைத் தேடுவான். எண் மங்கலாகத் தெரிந்தால், அதன்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்ட வைத்துப் பென்சிலைப் படுக்கைவாட்டில் தேய்ப்பான். கண்ணுக்குத் தெரியாத இலக்கமும் காகிதத்தில் வெள்ளையாக எழும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நாளும் நடக்கும் இதே முறைதான் இங்கேயும் பிரமாணம். அடுத்து, சட்டத்தின் குறுக்குக் கட்டைகளைத் தடவிப் பார்ப்பான். தொழிற்சாலையில் அறைந்த ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தால் அங்கே ஒரு விபத்து நடந்திருக்கிறது. சட்டத்தின் நடுவே பற்றுவைத்த தழும்பு ஓடினால், அந்த வண்டி வளைவுகளுக்கேற்பக் குறுக்கப்பட்டதாகவோ, லோடு ஆசையால் நீட்டப்பட்டதாகவோ இருக்கும். முன்கண்ணாடி மேலிருந்து கீழாக உள்நோக்கிச் சரிந்து, சக்கரம் இரண்டு பாதிகளாகப் போல்ட்டில் இணைந்திருந்தால், ஐயமில்லை, அது கனடா ராணுவ லாரி.

இவ்வாறு தேடிப்போனால் அகப்படுவது ஒரு வண்டியாக இராது என்பதே விசேஷம். சட்டம் ஃபார்கோ, எஞ்சின் பெர்க்கின்ஸ், பின் ஆக்ஸில் ராணுவ ஏலத்தில் வந்தது, பாடி உள்ளூர் ஆசாரி கட்டியது என்று நான்கு வம்சங்கள் ஒன்றில் கலந்திருக்கும். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளும் சென்னைப் புதுப்பேட்டையும் இந்தக் கலப்புக்கு உறுதுணையாயிருந்தன. அங்கே உடைபட்ட லாரி சாகவில்லை, பத்து லாரிகளாகப் பிரிந்து மறுபடி மலையேறிற்று. வெளிநாடுகளில் பழைய லாரிகளைப் புதுப்பிக்கிறவர்கள், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த போல்ட்டும் பெயிண்டும் வேண்டுமென்று பிரயாசைப்படுகிறார்கள். நீலகிரி லாரிக்கு அந்த விரதம் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். கோவில் ஜீர்ணோத்தாரணத்தில் சிதைந்த தூணை மாற்றுகிறார்கள். அதனால் சந்நிதி வேறாகிவிட்டதென்று யாரும் சொல்வதில்லை. பெர்க்கின்ஸைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பொருத்தினால், அது 1947-ஆம் வருஷத்து அமெரிக்க லாரியாகிவிடும். இந்த மலையில் உழைத்த லாரியாக இராது.

ரயில் எஞ்சின் விஷயத்திலும் இதே பிரச்சினை எழுந்தது. சுவிட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்து 1914 முதல் 1925 வரை பன்னிரண்டும் 1952-இல் ஐந்துமாக வந்த எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்களை, பொன்மலைத் தொழிற்சாலையார் கழற்றிப் பூட்டிக் காத்துவந்தார்கள். கீழ்ச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரத்தையும், அவற்றில் உழைத்த நீராவியையே மறுபடி வாங்கும் மேல் சிலிண்டர்கள் பல்சக்கரத்தையும் இயக்கும் அந்த விசித்திர யந்திரங்களில் சில, நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றப்பட்டன. பிறகு 2021-இல் பொன்மலையே புதிதாய் ஒரு நிலக்கரி எஞ்சினைச் செய்து வெளியிட்டது. அது புராதனமா, புதிதா என்று யாரும் வழக்காடவில்லை. புகை வந்தது, பிரயாணிகள் சந்தோஷப்பட்டார்கள்.

லாரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2021 ஜூலையில் மத்திய சர்க்கார் வெளியிட்ட விதி, ஐம்பது வருஷம் கடந்த வாகனங்களைப் பழம்பெருமை வாகனங்களாகத் தனி வரிசையில் பதிவுசெய்ய வகை செய்தது. ஆனால் அது இரு சக்கர வாகனங்களுக்கும் கார்களுக்குமே உரியது. சரக்கு லாரி அதில் சேரவில்லை. சேர்ந்தாலும், மூல உருவம் மாறாதிருக்க வேண்டும், பெரும் மாறுதல்கள் செய்திருக்கலாகாது என்ற நிபந்தனையில் நம் மலை லாரிகளில் ஒன்றுகூடத் தேறாது.

விதி மாறும் வரையில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. எஞ்சின் மாற்றமும் கைமாற்றமும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டாக வேண்டும் என்பது சட்டம். ஒழுங்காக எழுதியிருந்தால், எந்த வருஷம் பெட்ரோல் போய் டீசல் வந்தது, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வண்டி விலைபோயிற்று என்பதெல்லாம் அதில் கிடைக்கும். வண்டியை உடைக்கும்போது அந்தப் புத்தகத்தையும் ரத்துக்கு ஒப்படைத்துவிடுகிறார்கள். அதற்கு முன், தோட்டங்களின் பழைய கணக்கு ரிஜிஸ்டர்களோடு அதன் நகலையும், சேஸிஸ் எண்ணின் பென்சில் பதிவையும், கேஸ் கட்டர் தொடுவதற்கு முன்னால் எடுத்த நான்கு புகைப்படங்களையும் சேர்த்துக் கட்டி வைத்தால் போதும். இதற்குக் காசும் ஆகாது, யாருடைய அனுமதியும் வேண்டாம்.