சாளுவ திம்மரசர் மீதான கொலைப்பழி: சான்றும் கதையமைப்பும்

கிருஷ்ணதேவராயரின் ஆட்சியில் (1509–1529) முதலமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர் சாளுவ திம்மரசர். 'அப்பாஜி' என்னும் பெயரால் தெலுங்கு, கன்னட, தமிழ் வாய்மொழிக் கதைகளில் அறிவுக்கூர்மையின் உருவமாக அவர் நிற்கிறார். வரலாற்று நூல்களிலோ இளவரசரை நஞ்சிட்டுக் கொன்ற பழிக்கு ஆளாகிக் கண்ணிழந்தவராகவும் அறியப்படுகிறார். அப்பழிக்குரிய சான்றின் தன்மையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1520ஐ ஒட்டி விசயநகரைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ், அரண்மனை முழுவதும் இம்முதியவரின் ஆணைக்கு உட்பட்டிருந்ததையும், பெருந்தலைவர்கள் அரசரிடம் நடந்துகொள்வதுபோலவே அவரிடமும் நடந்துகொண்டதையும் பதிவுசெய்துள்ளார். 1515இல் கொண்டவீடு கைப்பற்றப்பட்டபின் அதன் ஆளுகையும் திம்மரசர் குடும்பத்தாரிடம் வந்தது. இத்தகைய அதிகாரக் குவிப்பு பகையையும் உடன் வளர்ப்பது இயல்பே.

1524இல் இராயர் தம் ஆறு வயது மகன் திருமலைக்கு முடிசூட்டினார். எட்டுத் திங்கள் நீண்ட விழாக்களுக்கிடையே சிறுவன் நோயுற்று இறந்தான். திம்மரசரின் மகன் நஞ்சிட்டதாகப் பின்னர் அறிந்த அரசர், அமைச்சரையும் அவர் சுற்றத்தாரையும் சிறையிலிட்டார் என்கிறார் பெர்னாவோ நூனிஸ். மூன்றாண்டுகளுக்குப்பின் சிறையிலிருந்து தப்பிய மகன் கிளர்ச்சி செய்து தோற்கவே, தந்தையின் கண்களும் மக்களின் கண்களும் பறிக்கப்பட்டன. அந்தணரைக் கொல்வது வழக்கமன்று என்பதே கொலைத்தண்டனை தவிர்க்கப்பட்டதற்கு அவர் கூறும் காரணம்.

இக்குறிப்பில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, நூனிஸ் குதிரை வணிகர். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப்பின், அச்சுதராயர் ஆட்சியில் எழுதியவர். அரசருக்குச் செய்தி எவ்வாறு கிட்டியது என்பதை அவர் கூறவில்லை. அவர் கூற்றின்படியும் நஞ்சிட்டவர் மகனே, திம்மரசர் அல்லர்.

இரண்டாவது, வீரநரசிம்மர் தம் தம்பி கிருஷ்ணதேவரின் கண்களைப் பறிக்க ஆணையிட்டபோது, ஆட்டின் கண்களைக் காட்டி அவரைக் காத்தவர் திம்மரசர் என்னும் கதையையும் நூனிஸே தருகிறார். கண்ணைக் காத்தவரே கண்ணிழந்தார் என்னும் இவ்வொப்புமை நாட்டார் கதைக்குரிய கட்டமைப்புடையது. ஆதலின் வாய்மொழி வழக்காறு இவ்வரலாற்றில் கலந்திருத்தல் கூடும்.

மூன்றாவது, சிறுவனின் இறப்பால் அரியணைக்கு வழி பெற்றவர், சந்திரகிரிக் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த அச்சுதராயர். இதனால் அவர்மீது குற்றம் சுமத்துதல் பொருந்தாது. எனினும் அவர் காலத் தலைநகரில் கேட்டறிந்த செய்தி நடுநிலையானது எனக் கொள்வதற்கில்லை.

இரண்டாம் ஆதித்தன் கொலையுடன் இதனை ஒப்பிடலாம். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் எனப் பெயர்சுட்டிக் கூறுகிறது. அவர்கள் உடைமை பறிமுதலானதைத் தொடர்ந்த நில விற்பனையே அப்பெயர்கள் பதிவாகக் காரணம். அங்கே அரசு ஆவணம் உண்டு. இங்கே பழிக்கு அடிப்படை ஓர் அயலவர் கேட்டெழுதிய குறிப்பு.

நூனிஸ் வழி அறியப்படுவது ஓர் அரசரின் ஐயமும் அதன் விளைவான தண்டனையுமே, குற்றம் அன்று. தண்டனை பெற்றமையையே குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டு திம்மரசரைக் கொலையாளி என எழுதுவது, சான்று சொல்லாததைச் சான்றின் மேல் ஏற்றுவதாகும்.