காவிக்கல்லின் சாய்வு

காவிக்கல்லுக்குச் செந்நிறம் தருவது ஹேமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. அதன் படிகம் ஒன்றை வலிய காந்தத்தின் அருகே கொண்டு சென்றால் மெல்லிய ஈர்ப்பு புலப்படும். இரும்பு ஈர்க்கப்படும் அளவோடு ஒப்பிட அது ஒரு பொருட்டே அன்று. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இயற்பியலார்க்கு அது தீராத தொல்லையாக இருந்தது. இருக்கவே கூடாத ஈர்ப்பு அது.

ஏன் கூடாது? இரும்பில் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். யாவும் ஒரே திசை நோக்கும்போது இரும்பு காந்தமாகிறது. பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் 1930களில் இதற்கு மாறான ஓர் ஒழுங்கை எடுத்துரைத்தார். அண்டையில் உள்ள அணுக்கள் எதிரெதிர்த் திசை நோக்கி நிற்கும். ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிட, வெளியே காந்தம் என எதுவும் தோன்றாது. எதிர்ஃபெரோகாந்தம் என்பது இதுதான். வெளியே தெரியாத ஒன்றை மெய்ப்பிப்பது எளிதன்று. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ஷல், ஸ்மார்ட் ஆகிய இருவரும் குளிரூட்டிய மாங்கனீசு ஆக்சைடின் மீது நியூட்ரான்களைச் செலுத்தினர். அறை வெப்பத்தில் இல்லாத புதிய சிதறல் முகடுகள் அப்போது தோன்றின. அணுக்களின் அடுக்கு மீளும் தொலைவைப்போல் இரு மடங்குத் தொலைவில் காந்த ஒழுங்கு மீள்வதை அவை காட்டின. நீலின் கருத்து நிலைபெற்றது.

ஹேமடைட்டும் இத்தகைய பொருளே. அதன் மெல்லிய காந்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, படிகத்தின் குறைகளும் மாசுகளுமே காரணம் என்றனர். நீலும் அவ்வாறே கருதினார். கொள்கை பிழைபடாமல் இருக்கப் பொருளின் மேல் பழி போடுவது எளிய வழி. நம் துறையில், பாட்டு நம் உரைக்கு இணங்காவிட்டால் ஏடெழுதியவனைக் குறை சொல்வோமே, அதைப் போன்றது.

ஆனால் இடறல்கள் இருந்தன. ஹேமடைட்டை உறைநிலைக்கு ஏறத்தாழப் பதின்மூன்று பாகை கீழே குளிரூட்டினால் அந்தக் காந்தம் மறைந்துவிடுகிறது என்பதை 1950இல் மோரின் விளக்கமாக ஆராய்ந்தார். மாசு குளிரில் ஓடி ஒளியுமா? 1956இல் மாஸ்கோவில் போரோவிக்-ரொமானோவும் ஓர்லோவாவும் மாங்கனீசு கார்பனேட்டையும் கோபால்ட் கார்பனேட்டையும் மிகத் தூய்மையாக ஆக்கி அளந்தனர். அவற்றிலும் அதே மெல்லிய காந்தம்.

லாந்தாவின் பள்ளியில் வந்த இகோர் ஜியலோஷின்ஸ்கி 1957இல் விடை சொன்னார். 1931இல் பிறந்த இளைஞர் அவர். புதிய சோதனை எதையும் அவர் செய்யவில்லை. படிகத்தின் சமச்சீரை மட்டுமே வைத்து வாதிட்டார். ஒரு புள்ளியின் வழியே ஒவ்வோர் அணுவையும் எதிர்ப்புறத்திற்கு மாற்றினாலும் அடுக்கு முன்போலவே இருக்குமாயின் அதனைச் சமச்சீர் மையம் என்கிறோம். ஹேமடைட் படிகத்தில் அத்தகைய மையங்கள் உண்டு. ஆனால் எதிரெதிர் நோக்கும் இரும்பணுக்களின் நடுவே அவை இல்லை. அம்மையம் இல்லாத இடத்தில் இரு காந்தங்களும் நேர் எதிராக நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன; ஈடுசெய்யப்படாத அந்த மிச்சமே நாம் காணும் ஈர்ப்பு. குளிரில் காந்தங்கள் படிகத்தின் அச்சோடு ஒட்டி நிற்கும்போது அதே சமச்சீர் சாய்வைத் தடுத்துவிடுகிறது. மோரின் கண்ட மறைவுக்கும் இதுவே விளக்கம்.

வழு, வழுவமைதி, வழாநிலை என்று நாம் வகுப்பறையில் பிரித்துச் சொல்லிப் பழகியவர்கள். நீல் வழு என்றதை இந்த இளைஞர் வழுவமைதி என்று சொல்லிச் சமாதானம் செய்யவில்லை. வழாநிலையே அதுதான் என்றார். சாயாமல் நிற்கும் ஹேமடைட்டுக்குத்தான் தனிக்காரணம் தேட வேண்டும்.

இச்சாய்வின் உள்விசையை 1960இல் தோரு மோரியா கண்டார். எலெக்ட்ரானின் தற்சுழற்சி, அதன் சுற்றியக்கத்தோடு பிணைந்திருப்பதால் அண்டைக் காந்தங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்த முயலும் மெல்லிய விசை பிறக்கிறது. வலிய விசை நேரெதிராக நிற்கச் சொல்ல, மெலியது சற்றே இழுக்கிறது. இவ்விசை இன்று இருவர் பெயராலும் வழங்குகிறது.

படிகம் முழுவதிலுமே சமச்சீர் மையம் இல்லையென்றால்? சாய்வு ஓரிடத்தில் நில்லாமல் அணுவுக்கு அணு தொடர்ந்து, நீண்ட சுருளாகக்கூடும் என்று 1964இல் ஜியலோஷின்ஸ்கியே ஆராய்ந்து எழுதினார். பிஸ்மத் ஃபெரைட் அத்தகைய எதிர்ஃபெரோகாந்தம். 1982இல் சோஸ்னோவ்ஸ்காவும் உடன் உழைத்த இருவரும் நியூட்ரான்களால் அதனை நுணுகி ஆராய்ந்தனர். அண்டை அணுக்கள் ஏறக்குறைய எதிரெதிராகவே நிற்கின்றன. ஆனால் அந்த எதிர்மையின் திசை உருளும் சக்கரத்தின் ஆரக்கால் போலச் சிறிது சிறிதாகத் திரும்பி, சுமார் 62 நானோமீட்டரில் ஒரு சுற்று முடிகிறது. சாய்வும் உண்டு. அது இங்கே பக்கம் மாறி மாறி வருவதால் ஒரு சுற்றுக்குள் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. காவிக்கல்லில் வெளிப்பட்ட மிச்சம் இதில் வெளிப்படுவதில்லை.

அந்த அலையை இடத்துக்கு இடம் தடவிப் பார்த்துப் படமாக்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிஸ்மத் ஃபெரைட் மென்படலத்தின் மேல் ஒரு வைர முனையை நகர்த்தி, மேற்பரப்பில் கசியும் நுண்காந்தப் புலத்தை அளந்தனர். அளந்தது வைரம் அன்று. அதனுள் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் புகுந்த நைட்ரஜன் அணுவும், அதனருகே காலியாக நின்ற ஓர் இடமும் சேர்ந்த குறையே அளவுகோலாயிற்று. இம்முறை மாசைத் தேடிப்போய் வைத்துக்கொண்டார்கள்.